ஆக்கியோன் பெயரும் நூலகப் பட்டியலும்

நூலகப் பட்டியல் இலக்கிய விமர்சனத்துக்குரிய பொருளாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. அது நூலகரின் தொழில்சார்ந்த கருமம் என்றும், நூல் எத்தட்டில் உள்ளது என்பதைக் காட்டுவதோடு அதன் பணி முடிந்துவிடுகின்றது என்றுமே நம்மிற் பலர் எண்ணிவந்துள்ளோம். ஆயின், ஒரு நூலுக்கும் அதனோடு தொடர்புடைய மனிதருக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதைப் பட்டியற் பதிவு கூறும்போது அது ஓர் இலக்கிய வரலாற்றுத் தீர்ப்பையே வழங்குகின்றது. இவர் இயற்றினார், இவர் தொகுத்தார், இவர் உரை செய்தார், இவர் ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தினார், இவர் பொருளுதவினார் என்பன ஒவ்வொன்றும் ஆராய்ந்து நிறுவப்பட வேண்டிய கூற்றுகளாம். அவை அனைத்தையும் ‘ஆசிரியர்’ என்னும் ஒற்றைக் கட்டத்தினுள் அடக்குவதும் ஒரு தீர்ப்பே. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பிழையான தீர்ப்பு என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆறுமுகநாவலரின் பதிப்புப் பணி பற்றிக் கட்டுரை எழுத முற்பட்ட மாணவர் ஒருவருக்குத் துணையாக நூலகமொன்றின் பட்டியலைப் புரட்டினேன். நாவலர் பெயரின் கீழே பாலபாடங்களும் சைவ வினாவிடையும் பெரியபுராண வசனமும் கிடைத்தன. திருக்குறட் பரிமேலழகருரையோ, திருக்கோவையாருரையோ, சேனாவரையமோ அங்கு இல்லை. அவை அந்நூலகத்தில் இல்லாதிருக்கவில்லை. திருவள்ளுவர், மாணிக்கவாசகர், தொல்காப்பியர் என்னும் பெயர்களின் கீழ் மட்டும் அவை பதியப்பெற்றிருந்தன. அட்டைகளின் உடற்பகுதியிலே நாவலர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. அப்பெயரால் தேடிச் செல்பவருக்கு அது அகப்படாத இடத்தில் இருந்தது. வசனகாரராகிய நாவலரை அப்பட்டியல் அறிந்திருந்தது. பதிப்பாசிரியராகிய நாவலரை அது அறியவில்லை. மாணவர் தாம் எழுதவந்த பொருளுக்கு நூலகத்திற் சான்றில்லை என்ற முடிவுக்கே முதலில் வந்திருந்தார்.

இக்குறையை மேனாட்டு விதிகளின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நூலோடு மனிதர் கொண்ட உறவுகளை வேறுபடுத்திக் கூறும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. பாயிரம் என்பது அதற்கென்றே அமைந்த வடிவம். நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை வகுத்து, காலம், களம், காரணம் என்னும் மூன்றினையும் சிலர் கூட்டியுரைப்பர் என்கிறார். இப்பதினொன்றையும் ஒரு பட்டியற் பதிவின் புலங்களோடு ஒப்பிட்டு நோக்குவோர், ஒற்றுமையைக் கண்டு வியப்புறுவர். பாயிரத்தைச் செய்தற்கு உரியவர் யாவர் என்பதையும் நன்னூல் வரையறுக்கின்றது. ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகியோரே அதற்குரியர். அதாவது, நூலைப் பற்றிய பதிவை நூலாசிரியன் தானே செய்தல் ஆகாது. நூலை அறிந்த பிறன் ஒருவன் செய்தல் வேண்டும். இன்று அப்பிறனின் இடத்தில் நூலகர் நிற்கின்றார்.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தை இந்நோக்கிற் படித்தல் பயனுடையது. அப்பாயிரம் தொல்காப்பியன் என்னும் ஆக்கியோனை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையத்தைக் கூறுகின்றது. குற்றம் நீங்க நூலைக் கேட்ட அதங்கோட்டாசானைக் கூறுகின்றது. நூலுக்கு ஆதாரமான முந்துநூலையும் வழக்கையும் செய்யுளையும் கூறுகின்றது. அதங்கோட்டாசானின் பங்கு யாது? இக்காலத்து அறிவுத்துறை வழக்கிலே அவரை மதிப்பீட்டாளர் என்போம். புரவலன், கேட்போன், ஆக்கியோன் என்ற மூவரின் உறவுகளும் அங்கே குழம்பாது நிற்கின்றன. நன்னூற் பாயிரமும் அவ்வாறே, பவணந்தியின் பெயரோடு, நூலைச் செய்வித்த சீயகங்கனின் பெயரையும் தனியே வைக்கின்றது.

எட்டுத்தொகை நூல்களின் இறுதிக் குறிப்புகள் இன்னும் நுட்பமானவை. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடிகிழான் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குறுந்தொகைக்குத் தொகுத்த பூரிக்கோவின் பெயர் கிடைக்கின்றது. தொகுப்பித்தவர் பெயர் இல்லை. நற்றிணைக்குத் தொகுப்பித்தவனாகிய பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதியின் பெயர் உண்டு. தொகுத்தவர் பெயர் இல்லை. இங்கு ஓர் உண்மை மனங்கொளத்தக்கது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றினாலேயே இரு வேறு உறவுகள் சுட்டப்பட்டுள்ளன. மேலும், தெரிந்ததைக் கூறித் தெரியாததை வெற்றிடமாக விட்டுவிடும் நேர்மையும் இக்குறிப்புகளிற் புலனாகின்றது. நற்றிணையைத் தொகுத்தவர் பெயர் கிடைக்கவில்லை என்பதற்காக வழுதியைத் தொகுப்பாசிரியனாக்க யாரும் முற்படவில்லை. இன்றைய பட்டியல்களிற் சில அத்தகைய காரியத்தைத் தயக்கமின்றிச் செய்கின்றன.

மேனாட்டுப் பட்டியலாக்கத்தின் வரலாற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. பிரித்தானிய நூதனசாலையின் பட்டியலுக்கெனப் பனிஸ்ஸி வகுத்த 91 விதிகள் 1841 இலே அச்சாயின. அமெரிக்காவிலே 1876 இல் விதிநூலொன்றை வெளியிட்ட கட்டர், குறித்த ஆசிரியர் ஒருவரின் நூல்களுள் எவையெவை நூலகத்தில் உள்ளன என்பதைக் காட்டுதலைப் பட்டியலின் நோக்கங்களுள் ஒன்றாக வற்புறுத்தினார். இவர்கள் யாவரும் ஒரு நூலுக்குத் தலைமைப் பதிவு ஒன்று வேண்டும் என்றும், இயலுமாயின் அது ஆசிரியர் பெயரின் கீழ் அமைய வேண்டும் என்றும் கொண்டனர். அச்சிட்ட பட்டியலும் அட்டைப் பட்டியலும் வழங்கிய காலத்தில் அது தவிர்க்க முடியாத சிக்கனமாக இருந்தது. ஏனையோருக்கு மேலதிகப் பதிவு என்னும் இடம் கிடைத்தது. அதில் அவர்களின் பெயர் இருக்கும். அவர்கள் செய்தது யாது என்பது இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

1978 இல் வெளிவந்த ஆங்கில – அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு இதற்குத் தக்க சான்றாகும். தொகுப்பாளர், பதிப்பாசிரியர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் என்ற நான்கு பணிகளைக் குறிக்கும் சுருக்கங்களைப் பெயருக்குப் பின்னே சேர்க்கலாம் என அது கூறிற்று. அதுவும் விரும்பினாற் சேர்க்கலாம் என்ற அளவிலேயே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவ்விருப்பேற்பாட்டைப் பெரும்பாலும் கைக்கொள்ளாது விட்டது. அதன் பதிவுகளைப் பார்த்தெழுதிய உலக நூலகங்கள் பலவும் அவ்வழியே சென்றன. உரையாசிரியருக்கு அந்நான்கில் இடமே இல்லை என்பதைத் தமிழ் மாணவர் கவனித்தல் வேண்டும். உரை மரபினாலேயே வாழ்ந்துவந்த இலக்கியமொன்றின் முதன்மையான உறவு அவ்விதிநூலின் நிரலிற் காணப்படவில்லை.

இவ்விடயத்திலே சீர்காழி தந்த எஸ். ஆர். இரங்கநாதன் வேறு வகையிற் சிந்தித்தவர். கணித விரிவுரையாளராயிருந்து 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1934 இல் வெளியிட்ட பட்டியல் விதிநூலிலே ஆசிரியரையும், நூலாக்கத்தில் இரண்டாம் நிலைப் பொறுப்புடைய துணைவரையும் கோட்பாட்டளவிலேயே வேறாக்கினார். உரைகாரர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர் முதலியோர் அத்துணைவருள் அடங்குவர். உரைநூல்களின் நாட்டிலிருந்து வந்தவர்க்கு அவ்வேறுபாடு இயல்பாகப் புலப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. ஆயினும் உரைகாரரை ‘இரண்டாம் நிலை’ என அவர் வைத்ததை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகின்றேன். காரணம் பின்னர் விளங்கும்.

இன்றைய நிலை பெரிதும் மாறியுள்ளது. 1998 இல் அனைத்துலக நூலகச் சங்கங்களின் சம்மேளனம் வெளியிட்ட அறிக்கை, ஆக்கம், அதன் வெளிப்பாடு, அதன் வெளியீடு, கையிலுள்ள படி என நான்கு நிலைகளைப் பிரித்தது. 2010 இல் வெளிவந்து, 2013 இற் காங்கிரஸ் நூலகத்தால் நடைமுறைப்படுத்தப்பட்ட புதிய விதித்தொகுதி அந்நிலைகளைப் பின்பற்றி, ஆக்கத்தோடு உறவுடையவரை ஆக்குநர் என்றும், வெளிப்பாட்டோடு உறவுடையவரைப் பங்களிப்பாளர் என்றும் பகுத்தது. ஒவ்வோர் உறவையும் சொல்லாற் சுட்டுவதற்கு நீண்ட சொற்பட்டியலொன்றும் அதில் உண்டு. ஏடு இரவல் கொடுத்தவரைக் குறிக்கும் சொல்கூட, இதனையொத்த காங்கிரஸ் நூலகப் பட்டியலொன்றில் இருக்கின்றது. உ. வே. சாமிநாதையர், சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகியோரின் முன்னுரைகளைப் படித்தோர்க்கு அச்சொல்லின் அருமை விளங்கும். கும்பகோணத்திலே சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியின்பாற் செலுத்தி, அந்நூலின் பிரதியையும் கொடுத்த சேலம் இராமசாமி முதலியாருக்கு 1887 ஆம் ஆண்டுப் பதிப்பின் பதிவிலே ஓர் இடம் வேண்டுமாயின், அதற்கான வசதி இப்பொழுது உண்டு. வசதி இருந்தும் பயன்படுத்தப்படுவதில்லை என்பது வேறு கதை.

வசதி மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். உறவுச் சொல்லைத் தெரிவு செய்பவர் நூலின் முகப்பிலுள்ள வினைச்சொல்லைப் படித்துப் பொருள்கொள்ள வல்லவராதல் வேண்டும். 1868 ஆம் ஆண்டில் வெளிவந்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரையை எடுத்துக்கொள்வோம். நல்லூர் ஆறுமுகநாவலர் பரிசோதித்துக் கொடுக்க, சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை அதனைப் பதிப்பித்தார். பரிசோதித்தல், பதிப்பித்தல் ஆகிய இரு வினைகளையும் இன்றைய வழக்கிற் பொருள்கொள்வோர் தவறான முடிவுக்கே வருவர். பரிசோதித்தல் என்பது அக்காலத்திலே பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தெரிந்து வழுக்களைதல். இன்றைய மொழியிற் கூறின் மூலபாடத் திறனாய்வு. அதனை அச்சுத்தாள் திருத்தல் எனக் கொண்டு, அதற்குரிய உறவுச் சொல்லை நாவலர் பெயரோடு ஒட்டுபவர் இலக்கண அறிஞர் ஒருவரை அச்சகத் தொழிலாளியாக்கிவிடுகின்றார். அச்சகத் தொழிலாளியை நான் இகழ்வதாகக் கருதவேண்டா; அவருக்கும் பதிவில் இடமிருத்தல் நன்றே.

பதிப்பித்தல் என்ற வினையோ இன்னும் வழுக்கலானது. அது பிறவினை, அச்சிலே பதியச் செய்தல் என்பதே சொற்பொருள். பணம் கொடுத்து அச்சிடுவித்தவரும் பதிப்பித்தவரே; ஏட்டை ஆராய்ந்து பாடம் நிறுவியவரும் பதிப்பித்தவரே. பதிப்பாசிரியர், பதிப்பாளர், வெளியீட்டாளர் என்ற வேறுபாடு பிற்காலத்தே தோன்றியது. அதிலும் தமிழகத்தார் பதிப்பாளர் என்பவரை நாம் வெளியீட்டாளர் என்கின்றோம். 1868 இலே தாமோதரம்பிள்ளை பதிப்பித்தார் என்றால் அது வெளியிட்டார் என்ற பொருளுக்கே நெருங்கியது. 1881 இல் வீரசோழியத்தையும், 1883 இல் இறையனார் அகப்பொருளையும், 1887 இற் கலித்தொகையையும் அவர் பதிப்பித்தார் என்றால் அது வேறு பொருள். அங்கே ஏடு தேடியவரும் பாடம் தெரிந்தவரும் அவரே. 1879 இலே நாவலர் மறைந்தபின் தாமே மேற்கொண்ட பணி அது. ஒரே மனிதர், ஒரே வினை, இரண்டு உறவுகள். தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளை நிரற்படுத்துவோர் 1868 ஆம் ஆண்டுச் சேனாவரையத்தை அவர் கணக்கிலும், நாவலரின் பதிப்புகளை நிரற்படுத்துவோர் நாவலர் கணக்கிலும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இரு சாராரும் தத்தம் நாயகருக்காக வாதிடுவதற்கு முன், அவ்விருவரும் அந்நூலுக்குச் செய்தவை வெவ்வேறு பணிகள் என்பதை ஒப்புக்கொண்டால் வாதத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

1885 ஆம் ஆண்டிலே தாமோதரம்பிள்ளை வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பு இதனினும் சிக்கலான வழக்கு. நச்சினார்க்கினியர் உரையென்றே அது முழுவதும் அச்சாயிற்று. பின்னர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கு ஆசிரியராக விளங்கிய ரா. இராகவையங்கார் முதலியோர் ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கு இயல்களுக்கும் அங்கே அச்சாகியிருந்த உரை பேராசிரியருடையது எனக் காட்டினர். இது தாமோதரம்பிள்ளையின் பெருமையைக் குறைப்பதன்று. அழியும் நிலையிலிருந்த ஏடுகளை முதன்முதல் அச்சேற்றியவருக்கு இத்தகைய தவறு நேர்தல் இயல்பு. ஆயின் பட்டியலாக்குநருக்கு இங்கு இரு உண்மைகள் எதிர்ப்படுகின்றன. அந்நூல் தன்னைப் பற்றிக் கூறுவது ஒன்று; ஆராய்ச்சி அந்நூலைப் பற்றிக் கூறுவது மற்றொன்று.

நல்ல பட்டியற் பதிவின் அமைப்பு இவ்விரண்டுக்கும் இடமளிப்பது. முகப்பிலுள்ள பொறுப்புக் கூற்றை ஓரெழுத்தும் மாற்றாது படியெடுத்தல் ஒரு பகுதி; தேடுவோருக்கான பெயர்த் தலைப்புகளை ஆராய்ந்து அமைத்தல் மறுபகுதி. முற்பகுதியிலே நச்சினார்க்கினியர் மட்டும் நிற்பார். பிற்பகுதியிலே நச்சினார்க்கினியரும் பேராசிரியரும் உரையாசிரியர் என்ற உறவோடு நிற்பர். குறிப்பொன்று காரணத்தை உரைக்கும். முகப்பைத் திருத்தி எழுதுபவர் நூலின் வரலாற்றை அழிக்கின்றார். முகப்போடு நின்றுவிடுபவர் நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியை அழிக்கின்றார். பேராசிரியரின் உரைநடையை ஆராய விரும்பும் மாணவர் 1885 ஆம் ஆண்டுப் பதிப்பை ஒருபோதும் சென்றடையாதபடி செய்வதற்கு வெறும் சோம்பலே போதும்.

பேராசிரியர் என்ற பெயர் தொடர்பாக ஒரு சிறு செய்தி. பெயர்களுக்கு முன்னுள்ள பட்டங்களையும் பதவிகளையும் நீக்கிய பின்னரே தலைப்பை அமைக்க வேண்டும் என்பது பொதுவிதி. அவ்விதியை இவ்வுரையாசிரியரிடம் பிரயோகித்தால் எஞ்சுவது ஒன்றுமில்லை. இளம்பூரணரையும் முன்னோர் உரையாசிரியர் என்றே வழங்கினர். அவரிடத்தில் உறவுச் சொல்லே பெயராகிவிட்டது. உரைகாரரைக் குறிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்துள்ள மூன்றெழுத்துக் குறியீடு ஸீ, டபிள்யூ, ரீ என்பதாம். ஆங்கிலத்திலே ஸீ. டபிள்யூ. தாமோதரம்பிள்ளை எனத் தம் பெயரை எழுதிய பதிப்பாசிரியரின் முதலெழுத்துகளும் அவையே. இத்தற்செயலைக் கண்டு அவர் நகைத்திருப்பார்.

உரைகாரர் இரண்டாம் நிலையினரா என்ற வினாவுக்கு வருவோம். புதிய விதிகளிலே உரை சேர்த்தவர் ஒரு பங்களிப்பாளர். மூலத்தின் ஒரு வெளிப்பாட்டோடு தொடர்புடையவர். உரையே தலைமையானதென நூல் தன்னைக் காட்டுமாயின் உரையைத் தனி ஆக்கமாகக் கொண்டு உரைகாரரை ஆக்குநராக்கவும் அவ்விதிகள் இடந்தருகின்றன. எதனைத் தெரிவு செய்வது என்பது நூலின் முகப்பு எப்பெயரைப் பெரிதாகக் காட்டுகின்றது என்பதைப் பொறுத்ததாகின்றது. அச்சுக்கோப்பாளரின் எழுத்துத் தெரிவு சேனாவரையரின் நிலையை நிர்ணயிப்பது வேடிக்கையானது. தமிழ் மரபு இதற்குத் தெளிவான விடையை முன்பே தந்துள்ளது. சேனாவரையம், நச்சினார்க்கினியம், பரிமேலழகம் என்றவாறு உரைகாரரின் பெயரினின்றும் பிறந்த நூற்பெயர்கள் நம்மிடம் வழங்குகின்றன. தனிப்பெயர் பெற்ற நூல் தனி ஆக்கம். அதனை ஆக்கியோன் உரையாசிரியனே. சூத்திரத்தோடு அவ்வுரைக்குள்ள உறவு ஆக்கத்துக்கும் ஆக்கத்துக்கும் இடையிலான உறவாகப் பதியப்படல் வேண்டும். குறிப்புரை, அரும்பத விளக்கம் போன்றவற்றை எழுதியோரைப் பங்களிப்பாளர் என்பதில் எனக்குத் தடையில்லை.

இறையனார் அகப்பொருளின் உரையிலே இவ்வுறவுகள் யாவும் ஒருங்கே வந்துநிற்கின்றன. அறுபது சூத்திரங்களை ஆக்கியவர் மதுரை ஆலவாய் இறைவன் என அவ்வுரை கூறும். மெய்யுரை எதுவென உருத்திரசன்மன் தேர்ந்தமையையும், நக்கீரனார் தம் மகனார் கீரங்கொற்றனாருக்கு உரைக்க, அது பத்துத் தலைமுறை வழிவந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரை அடைந்தமையையும் அவ்வுரையே பெயர் பெயராகச் சொல்கின்றது. வரலாற்று நோக்கில் இதன் பெரும்பகுதியை நாம் ஐயுறலாம், ஐயுறவும் வேண்டும். ஆயின், வாய்மொழியாக வந்த உரையொன்றுக்கு யார் யார் பொறுப்பு என்பதைக் கூறவேண்டும் என்ற உணர்வு அவ்வுரையை எழுதிவைத்தவருக்கு இருந்தமை ஐயத்துக்குரியதன்று. இறைவனை ஆக்குநராகப் பதியலாமா என்ற கேள்வியைப் பட்டியலாக்குநர் நகைத்து ஒதுக்கவேண்டியதில்லை. 1978 ஆம் ஆண்டு விதிகள் ஆவிகள் கூறியனவாக வெளிவரும் நூல்களை அவ்வாவிகளின் பெயரின் கீழேயே பதியுமாறும், ஊடகமாயிருந்தவருக்கு மேலதிகப் பதிவு செய்யுமாறும் விதித்தன. 2017 இல் வெளியான புதிய கருத்துருவோ மெய்யான மனிதரையே ஆள் எனக் கொள்கின்றது. அதன்படி இறையனார் தலைப்பிலிருந்து விலகி நூற்பெயரில் மட்டும் எஞ்சுவார்.

பழைய இலக்கியத்தில் இவ்வளவு நுட்பம் பேணிய சமூகம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தன் உழைப்பை எவ்வாறு பதியவிட்டது என்பதே எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றது. 1862 இலே சென்னையில் வெளிவந்த தமிழ் – ஆங்கிலப் பேரகராதி வின்ஸ்லோ அகராதி என்றே வழங்குகின்றது. பட்டியல்களும் மைரன் வின்ஸ்லோவையே ஆசிரியராகக் காட்டுவன. ஆயின் அதன் முகப்பு அவ்வளவோடு அமையவில்லை. தகுதிவாய்ந்த சுதேச அறிஞர் துணைசெய்தனர் என்றும், காலஞ்சென்ற ஜோசப் நைற் பாதிரியாரும் பிறரும் விட்டுச்சென்ற கையெழுத்துச் சேகரங்கள் ஓரளவுக்கு அடிப்படையாயின என்றும் அது அறிவிக்கின்றது. நைற் பாதிரியாரின் பெயர் உண்டு. சுதேச அறிஞர் பெயரில்லாத கூட்டமாக நிற்கின்றனர். அவர்களுள் இராமாநுச கவிராயரும் ஒருவர் எனத் தமிழ்ப் புலவர் வரலாறுகள் கூறுவதால் நாம் அறிகின்றோம். பட்டியலின் வழியாக அதனை அறிய முடிவதில்லை.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1842 இல், யாழ்ப்பாணத்திலே வெளிவந்த தமிழ் அகராதியின் கதை மறுவகையானது. மானிப்பாய் அகராதி, யாழ்ப்பாண அகராதி என இடப்பெயராலேயே அது அறியப்படுகின்றது. அதன் சொற்களைத் தொகுத்தலில் உழைத்த சந்திரசேகர பண்டிதரின் பெயரை இலக்கிய வரலாற்றாசிரியர் போற்றுவர். அகராதியின் வெளியீட்டோடு தொடர்புடைய மிஷனரிமாரின் பெயர்கள் பதிவுகளில் முந்திநிற்கப் பண்டிதரின் பெயர் பிந்தும், அல்லது மறையும். ஒரு மொழியின் சொற்களை அம்மொழியின் பண்டிதர் ஒருவர் திரட்டியமையைத் ‘துணைபுரிந்தார்’ என்ற சொல்லால் மூடிவிடலாமா என்பது பட்டியலாக்க விதிகளுக்குள் அடங்கும் கேள்வியன்று. எனினும் விடை எழுதப்படும் இடம் பட்டியலே.

நடைமுறையில் நின்று பேசும் நூலகர்களின் மறுப்பை நான் அறியாதவனல்லேன். நூல்கள் மலைபோற் குவிந்துகிடக்க, பணியாளர் இருவரோ மூவரோ இருக்கும் நூலகத்தில் ஒவ்வொரு பதிப்புரையையும் ஆராய்ந்துகொண்டிருக்க இயலாது என்பர். பிழையான உறவுச் சொல்லை இடுவதினும் இடாமலே விடுதல் மேல் என்பர். இரண்டாவது கூற்றிலே நியாயமுண்டு. ஆனால் அதனினின்றும் பெறப்படுவது, முகப்புக் கூற்றைச் சுருக்காது, வினைச்சொற்களோடு, தமிழெழுத்திலேயே முழுமையாகப் படியெடுத்தல் வேண்டும் என்பதேயாகும். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, பொறுமை போதும். பரிசோதித்து என்ற சொல் பதிவிலே காப்பாற்றப்படுமாயின், அதன் பொருளைப் பின்வரும் ஆராய்ச்சியாளர் அறுதிசெய்துகொள்வர். அதனை அடுத்து, முகப்பிற் கூறப்பட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் தேடத்தக்க தலைப்பொன்று வேண்டும். உறவு ஐயத்துக்குரியதாயின் பங்களிப்பாளர் என்னும் பொதுச்சொல்லோடு விட்டுவிடலாம். வழுதியைத் தொகுத்தவனாக்காத பழைய குறிப்பாசிரியர் நமக்கு வழிகாட்டியுள்ளார்.

ஈழத்திலே இப்பணிக்கு மேலுமொரு காரணம் உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். படி அழிந்தபின் நூலைப் பற்றிய பதிவொன்றே சாட்சியாக எஞ்சுவதுண்டு. என். செல்வராஜா 2002 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’, ஆசிரியரின் இயற்பெயரையும் புனைபெயரையும், வெளியீட்டாளரையும் அச்சகத்தையும் வேறுபிரித்துத் தருவது இந்நிலையில் மிகுந்த பாராட்டுக்குரியது. அச்சகத்தின் பெயரை வீண்விபரம் என எண்ணுவோர், சிற்றூர் அச்சகங்கள் பல இன்று அப்பெயரளவிலேயே எஞ்சியிருப்பதை நினைத்தல் வேண்டும். நூல்தேட்டத்தின் பதிவுமுறையை நமது பல்கலைக்கழக நூலகங்களின் கணினிப் பட்டியல்களோடு ஒப்பிட்டு எவரேனும் மாணவர் ஆராய்வாராயின், அது நல்லதொரு கட்டுரையாக அமையும்.

இறுதியாக, விதிகள் எதனாலும் எளிதில் தீராத ஒரு வழக்கைக் குறிப்பிடலாம். பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் தலைமையில் யாழ்ப்பாணத்திலே நிறைவேறி 1850 இல் வெளிவந்த கிறிஸ்தவ வேதாகம மொழிபெயர்ப்பில், அவரிடம் தமிழ்ப் பண்டிதராயிருந்த ஆறுமுகநாவலர் பெரும்பங்கு கொண்டார் என்பது யாவரும் அறிந்தது. வேதாகமப் பதிப்புகளின் முகப்பிலே மொழிபெயர்த்தோர் பெயரை இடும் வழக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே முகப்பைப் படியெடுப்பதால் நாவலர் பெயர் பதிவில் வாராது. நாவலரோ 1854 இலே சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டுக் கிறிஸ்தவ சமயத்தவரோடு அவர்தம் வேதாகமத்தைக் கொண்டே வாதிட்டவர். அந்நூலும் இம்மொழிபெயர்ப்பும் பட்டியலில் ஒரே பெயரின் கீழே அடுத்தடுத்து நிற்குமாயின், அவ்வாதத்துக்கு அவர் எங்கிருந்து பயிற்சி பெற்றார் என்பதை நாவலரை ஆராயும் மாணவர் நூலைத் திறக்கு முன்பே உணர்ந்துகொள்வர். அவர் தாமாக முகப்பில் இடுவியாத பெயரை நாம் இடலாமா என்று சைவ அன்பர் ஒருவர் என்னை வினவினார். மொழிபெயர்ப்பாளர் என்னும் தலைப்பில் பார்சிவலையும் நாவலரையும் சேர்த்துப் பதிந்து, நாவலர் பெயர் நூலினின்றும் எடுக்கப்பட்டதன்று, பிற சான்றினால் அறியப்பட்டது என்பதைக் குறிப்பிலே தெரிவித்தல் முறை என்றே நான் அவருக்கு விடை கூறினேன். அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை.